ஆற்றில் ஒன்றுமில்லை

பம்பின் கயிற்றை முதல் தடவை இழுக்கும்போதே பம்பக்காவுக்குத் தெரிந்துவிடும், இன்று அது முரண்டு பிடிக்குமா என்று. பிடித்தால் ஒரு தட்டு, ஒரு திட்டு. "சோறு போட்டது போதும்னு நெனச்சிட்டியா? எந்திரி!" அது உறுமியதும், துருப்பிடித்துப் போகாமலிருக்கக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஆற்றில் இறக்க மாட்டார். இறக்க அரசின் தடை இருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்த காவலரிடம், "கரையில ஓட்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே" என்று சொல்லி, அவரையே ஒருநாள் கயிறு இழுக்க வைத்தவர்.

ஆற்றடிச் சரளையைப் பம்பால் உறிஞ்சி, தகரத் தொட்டியில் ஓடவிட்டு, அடியில் தங்கும் தங்கப் பொடியை அலசியெடுப்பது அவர் தொழில். மீன்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்து முடிக்கும்வரை தற்காலிகத் தடை என்றார்கள். ஆராய்ச்சியும் முடியவில்லை, தற்காலிகமும் முடியவில்லை. வேலை இழந்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டபோது, மனுவில் யார் பெயர் முதலில் என்ற பேச்சே எழவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். "போட்டுக்குங்க. ஜெயிக்கப்போற கேஸுதானே!"

கரையில்தான் இந்த ஒற்றுமை. எங்கே கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று இந்தத் தொழிலில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்து இடத்தில் அலசும் கொழுந்தன், "என்ன அண்ணி, மூஞ்சி பளபளங்குது?" என்று கொக்கி போட்டால், "வேர்வைடா. உள்ள வெறும் மணல்தான்" என்பார். அண்ணன் கேட்டாலும் இதே பதில்தான் என்பது கொழுந்தனின் புகார்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று, அரசு வழக்கறிஞர் பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டார்: "உங்க இடத்துல ஏதாச்சும் கெடைக்குமாம்மா?"

"எங்கங்க கெடைக்குது? வெறும் மணல்தான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அப்ப தடையால இவங்களுக்கு நஷ்டமே இல்லைங்க ஐயா" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு வழக்கறிஞர் உட்கார்ந்தார். பின்வரிசையில் தொழில்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இடைவேளையில், வராந்தாவில், அவர்கள் தரப்பு வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்படிக் கவுத்துட்டீங்களேக்கா! தங்கம் இல்லன்னா கேஸே இல்ல."

"யாரு இல்லன்னது? கேட்டா அப்படித்தாம்மா சொல்லுவோம்."

"அப்ப இருக்குன்னு ஜட்ஜுகிட்ட சொல்லணும். எந்த இடம்னு காட்டணும். எல்லார் முன்னாலயும்."

கொழுந்தன் மிகுந்த அக்கறையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "சொல்லிடுங்க அண்ணி. நாங்க காதப் பொத்திக்கிறோம்."

"பொத்துவ, பொத்துவ! கண்ணு ரெண்டையும் தொறந்து வச்சுக்கிட்டு."

பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு உள்ளே போனார்.

மறுபடி கூண்டில் ஏறியதும் வக்கீலம்மா ஆற்றின் வரைபடத்தை விரித்தார். பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. நீதிமன்ற ஊழியர் அதட்டியும் கொழுந்தன் மட்டும் எக்கிக்கொண்டே இருந்தான். அக்கா திரும்பி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வக்கீலம்மா கையிலிருந்த பேனாவை வாங்கி, அதுவரை யாரிடமும் சொல்லாத, பாறைக்குக் கீழே ஆறு திரும்பும் இடத்தில் அழுத்தி ஒரு வட்டம் போட்டார். வரைபடத்தை இரண்டு கையாலும் தூக்கி முதலில் நீதிபதிக்குக் காட்டினார். அப்புறம் பின்வரிசைக்குத் திருப்பி, நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.