தானாகக் கழன்ற வளையல்

வீட்டில் என் மனைவி எங்கே இருக்கிறாள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். முடக்குவாதம் அவள் விரல்களை மடக்கிப் போட்டிருந்தது. கரண்டி விழும், டம்ளர் விழும், தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவாள். ஊசி போட ஆரம்பித்த சில வாரங்களில் அந்தச் சத்தங்கள் நின்றுபோயின. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பாள்.

"என்னங்க, பேயக் கண்ட மாதிரி முழிக்கிறீக?" என்று சிரித்து, விரல்களை விரித்துக் காட்டுவாள்.

அது ஆன்டிபாடி ஊசி. இந்த நோயில் நம் வெள்ளையணுக்களே மூட்டுகளைத் தாக்குகின்றன. ஒன்றையொன்று உசுப்பிவிட அவை ஒரு புரதத்தைச் சுரக்கும். ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். அணுக்கள் அடங்கும், வீக்கம் வடியும். நான் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் அணுக்கள் சுற்றிவளைத்துச் சிறைவைத்திருப்பதும் அதே புரதத்தின் பலத்தில்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஊசி தொடங்குமுன் டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துச்சா சார்? டெஸ்ட்ல ஒண்ணும் வரல. ஆனா அம்மா ஸ்டீராய்டு சாப்பிடுறாங்க, அதனால டெஸ்ட்ட மட்டும் நம்ப முடியாது. இருந்துச்சுன்னா முதல்ல அதுக்கு மாத்திரை குடுத்துட்டுத்தான் ஊசி."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இல்லை" என்றேன்.

இருந்தது எனக்கு. கல்யாணமான புதிதில், மதுரைக்குத் தனியாகப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அவளிடம் வெறும் சளி என்றேன். ஒரே பாயில்தான் படுத்திருந்தோம்; என் கிருமி அவளுக்குள்ளும் போய் அடங்கிக் கிடந்திருக்கலாம்.

டாக்டரிடம் சொன்ன பொய் உறுத்தியது. தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, "ஆண்டவர் மன்னிப்பார். டாக்டர்ட்டயும் சொல்லிருங்க சார், நாளைக்கே" என்றார்.

பரிகாரமாக அவர் சொல்லச் சொன்ன ஜெபமாலையைச் சொல்லி முடித்தேன். மனசு லேசாகிவிட்டது. அந்த லேசிலேயே டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மதியம் சமையலறையில் மறுபடி சத்தம். ஏதோ விழுந்து தரையில் உருண்டு, சுழன்று, அடங்கியது. போய்ப் பார்த்தால் அவளுடைய தங்க வளையல்.

"சோப்பு போட்டாலும் வராதுல்ல? தானாக் கழண்டுருச்சு பாருங்க!" அவளுக்கு அம்புட்டுச் சந்தோஷம்.

வீக்கம் வடிந்ததால் மட்டும் கழலவில்லை. மணிக்கட்டு குச்சியாக இருந்தது. தொட்டேன், சுட்டது. டிபி என்று நினைக்க இருமல்கூட இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் சாமியார் எதிர்ப்பட்டார். "பாருங்க சாமி, விரல் நிமிந்துருச்சு" என்று கையை நீட்டினாள். அவர் கையைப் பார்க்கவில்லை. துருத்திய கழுத்தெலும்பைப் பார்த்தார், பிறகு என்னை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது. மண்டையைப் பிளக்கும் வெயில். அவள் நீட்டிய கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மறுநாள் அவள் முன்னிலையிலேயே டாக்டரிடம் சொன்னேன். ஸ்கேனில் காசநோய் தெரிந்தது. ஊசியை நிறுத்தி, டிபி மாத்திரை கொடுத்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "வேற யார்ட்ட சொன்னீக?"

"சாமியார்ட்ட மட்டும்."

"அவருக்குத் தெரியும். ஊசி போட்டுக்கிட்ட எனக்குத் தெரியாது."

மாத்திரையில் உயிர் தப்பிவிட்டாள். விரல்கள் மறுபடி மடங்கிவிட்டன. வளையல் ஏறவில்லை, அலமாரியில் கிடக்கிறது. இதோ, உள்ளே கரண்டி விழுகிறது. எழுந்து போனால் "கெடக்கட்டும்" என்பாள். குனிந்து எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆகும். நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.