பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னவள்

சுனாமியில் ஸைனம்புவின் கணவரும் இளைய மகளும் மௌத்தானார்கள். மருதமுனைக் கடற்கரையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. மூத்த மகளோடு தகரக் கொட்டிலில் இருந்தவளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் விதைத் தட்டுகளும் மிளகாய் விதையும் பொலித்தீனும் கொடுத்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடிவைக்கச் சொன்னார்கள்.

சொன்னபடியே செய்தாள். முளை வந்த மூன்றாம் நாள் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சாகப் படர்ந்தது. மறுநாள் நாற்றுகள் அடித்தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடந்தன. இரண்டாவது முறையும் அதே கதி. மூன்றாவது முறை ஒரு தட்டு மட்டும் தப்பியது. அதன் பொலித்தீனை ஆடு கடித்துக் கிழித்திருந்தது.

அந்தத் தட்டின் முன்னால் நெடுநேரம் குந்தியிருந்தாள். காற்றுப் பட்டது பிழைத்திருக்கிறது, மூடிக் கிடந்தது அழுகியிருக்கிறது.

அதன்பிறகு மண்ணுக்குக் கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டே விதைத்தாள். கிணறு சுத்தம் பண்ணக் கொடுத்த குளோரினில் மிச்சம் இருந்ததைக் கரைத்துத் தட்டுகளைக் கழுவினாள். நெருக்கமாக விதைப்பதை விட்டாள். முளை கண்டதும் பொலித்தீனை எடுத்துவிடுவாள். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில் மட்டும். எங்காவது ஒரு நாற்று சாய்ந்தால் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளித் தூர எறிந்துவிடுவாள். சாய்ந்தது நிமிராது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வருடத்தில் கல்முனைச் சந்தையில் அவளுடைய நாற்றைக் கேட்டு வாங்கினார்கள்.

யுத்தம் முடிந்த வருடம் இன்னொரு நிறுவனம் வந்தது. ஸைனம்பு உட்பட இருபது விதவைகளுக்குப் பொதுவாக, நாற்று வளர்க்க ஒரு பெரிய பொலித்தீன் கூடாரம். பொறுப்பாக வந்த முனாப், கொழும்பில் பயிற்சி முடித்த இளைஞன். பணம் கொடுத்த விருந்தினர் பார்க்க வரும் நாளுக்குள் எல்லாம் பச்சையாக நிற்க வேண்டுமென்று தட்டுகளில் விதையை அள்ளிக் கொட்டச் செய்தான். மூன்று வேளை தண்ணீர். வெளியே மாரி மழை.

"தம்பி, ரெண்டு பக்கத்தையும் தொறந்து விடுங்க. தண்ணியக் குறைங்க. இப்பிடியே போனா பூஞ்சணம் புடிச்சிரும்" என்றாள் ஸைனம்பு.

"ராத்தா, இது உங்கட கொட்டிலில்ல. இதுக்கு முறையிருக்கு."

"முறையெல்லாம் நாத்துக்குத் தெரியாது தம்பி."

அவன் சிரித்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் கூடாரத்துக்குள் ஊசின வாடை அடித்தது. நாற்றுகள் தட்டுத் தட்டாகச் சரிந்திருந்தன. விருந்தினர் வருவதற்கு முதல் நாள் ஒரு லொறியில் எங்கிருந்தோ நாற்றுகள் வந்தன. படம் பிடித்தார்கள். கை தட்டினார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு அறிக்கையை வாசித்துக் காட்டி, கையொப்பம் வைக்கச் சொன்னான் முனாப். பயனாளிகளின் கவனக்குறைவினால் முதலாவது விதைப்பு அழிந்தது என்று அதில் இருந்தது.

"நான் சொன்னேன்தானே, பக்கத்தத் தொறங்க எண்டு?" என்று கேட்டாள் ஸைனம்பு.

"இது சும்மா ஒரு கடதாசி ராத்தா. உங்களுக்கு ஒரு நட்டமும் வராது."

"நட்டமில்லாட்டி உங்கட பேர எழுதுங்க."

வீட்டுத்திட்டப் பட்டியலும் அதே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. பத்தொன்பது பேரும் வரிசையில் போய்க் கையொப்பம் வைத்தார்கள். பக்கத்துக் கொட்டில் சல்மா உம்மா போகும்போது இவள் கையைப் பிடித்தாள்.

"என்னகா செய்ற புள்ள, எனக்கும் ரெண்டு குமர் கிடக்கு. வீடில்லாம எப்பிடிக் கட்டிக் குடுக்குற?"

"போங்க. நான் உங்களக் குறை சொல்லல்ல" என்றாள் ஸைனம்பு.

அவள் மட்டும் கையொப்பம் வைக்காமல் வந்துவிட்டாள். பங்குனியில் ஒட்டிய வீட்டுத்திட்டப் பட்டியலில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. மகள் அதை மேலிருந்து கீழாக இரண்டு தடவை வாசித்தாள்.

"சரி, வா" என்றாள் ஸைனம்பு. "நாத்த வெயில்ல வெச்சிட்டு வந்திருக்கன்."