தேன்மொழி எந்தப் பேருந்தில் ஏறினாள்?

வேகவைத்த நெல்லைக் களத்தில் கொட்டும்போது எழும் ஆவிக்கு ஒரு புளித்த வாடை உண்டு; மதுராந்தகத்தை ஒட்டிய அரிசி ஆலையில் அந்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்த பெண்களின் சேலையில் அது துவைத்தாலும் போகாது. என் அம்மாவும் சித்தியும் பேருந்தில் ஏறினால் சிலர் முகத்தைச் சுளித்துத் தள்ளி நிற்பதைப் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன். போன மாதம், ஒரு பிரபல எழுத்தாளரின் நினைவு நாளுக்கு முகநூலில் அழுது தீர்த்தார்களே, அத்தனை பேரையும்விட இந்த வாடை வீசிய பெண்கள்தான் அவருடைய உண்மையான வாசகர்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது சித்தி வாராவாரம் ஒரு பத்திரிகை வாங்கிவருவாள். சனிக்கிழமை மதியம் ஆலைக் கொட்டகையில் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்காரும் பெண்களுக்கு, அதில் அந்த எழுத்தாளர் எழுதிய தொடர்கதையை உரக்கப் படிப்பேன். அவரை அவர்கள் 'கதக்காரி' என்பார்கள். கதாநாயகி தேன்மொழி அடிபட்ட வாரமெல்லாம் 'இவ கையி புழுத்துப் போவ' என்று கதக்காரியைத் திட்டுவார்கள். திட்டியவளே அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

சித்திக்கு அது வெறும் கதையாக இருக்கவில்லை. குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டு ஒரு துணிப்பையோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போவாயா மாட்டாயா, அமாவாசைக்குள் சொல் என்று தெருப் பெரியவர்கள் கெடு வைத்திருந்தார்கள். 'பொம்பளதான் அனுசரிச்சிக்கினு போவணும்' என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. கதையில் தேன்மொழியும் அதே நிலையில்தான் இருந்தாள். புருஷன் ஊருக்குப் போகும் பேருந்தும் பட்டணத்துக்குப் போகும் பேருந்தும் அடுத்தடுத்து நிற்க, கையில் பையோடு அவள் நிற்பதாக அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் அதே பக்கத்தில் எழுத்தாளரின் படம், கறுப்புக் கட்டத்துக்குள். அவர் காலமாகிவிட்டார், தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று நான் படித்து முடித்தேன். அம்மா எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டார்கள், சொந்தத்தில் சாவு விழுந்தால் செய்வதுபோல.

செங்கல்பட்டில் நினைவேந்தல் கூட்டம், வாசகர் அனைவரும் வருக என்ற சுவரொட்டியை நான்தான் படித்துச் சொன்னேன். "கூட இருந்தவங்க கிட்ட சொல்லாமயா பூட்டிருப்பா? வா, போயி கேட்டுகினு வந்துடலாம்" என்று சித்தி கிளம்ப, அவளோடு ஐந்தாறு பேர் கிளம்பினார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். இலக்கியத்துக்குப் பேரிழப்பு என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சித்தி, வாசகர் வட்டத் தலைவர் பேசி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"அய்யா, தேன்மொழி எந்த பஸ்ல ஏறிச்சு?"

"யாரும்மா தேன்மொழி?" என்றார் தலைவர். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னதும் சிரித்தார். "ஓ, அந்தத் தொடரா? அது பத்திரிகைக்காக எழுதினதும்மா. அம்மையாரோட நல்ல நாவல் எவ்வளவோ இருக்கு, அதைப் படிங்க."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. சிரிக்க இன்னா கீது?" என்றாள் சித்தி.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலைவர் அவசரமாக மௌன அஞ்சலி அறிவித்தார். எல்லோரும் தலைகுனிந்து நிற்க, அம்மாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. "நடுரோட்டுல பொண்ண நிக்க வுட்டுட்டுப் போனியேடி பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள். சட்டைப்பையில் பேட்ஜ் குத்தியிருந்த ஒருவர் ஓடிவந்தார்.

"ஏம்மா, இது இன்னா எழவு வீடா?"

"செத்தவ படத்துக்கு மாலை போட்டுக்கீற. எழவு வூடு இல்லாம இன்னாவாம்?" என்றாள் அம்மா.

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். துக்கத்தில்கூடத் தங்களுக்குத் தனி வரிசை கேட்கிற கூட்டம் அது. அன்று அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது அவர்கள்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

பேருந்து நிலையத்தில் ஒருத்தி, "புருஷன் வூட்டுக்குத்தான் போயிருப்பா. வேற எங்க போவா?" என்றாள். இன்னொருத்தி இல்லை என்று சண்டைக்குப் போனாள். சித்தி இருவரையும் கையமர்த்தினாள்.

"அவ ஏறுனாளோ இல்லியோ. நான் ஏற மாட்டேன்டி."

அதையே அமாவாசையன்று பெரியவர்கள் முன்னாலும் சொன்னாள்.

அந்த ஆலை இப்போது இல்லை. களத்தை மனையாக்கிக் கல் நட்டிருக்கிறார்கள். கூடி உட்கார்ந்து கதை கேட்ட பெண்களில் இரண்டு பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் மகன் வீடு, மகள் வீடு என்று சிதறிப்போனார்கள். அம்மா கைபேசியில் தனியாக நாடகம் பார்க்கிறாள். சித்தி சிறுசேரியில், நான் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்துக்கு எதிரே டிபன் கடை போட்டிருக்கிறாள்.

போன மாத நினைவு நாளில், முடியாமல் நின்ற அந்தத் தொடரை அதே வாசகர் வட்டத் தலைவர் எழுதி முடித்துப் புத்தகமாக்கி மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வெளியிட்டார். அவருடைய முடிவில் தேன்மொழி புருஷன் ஊர்ப் பேருந்தில் ஏறுகிறாள், அவன் திருந்திவிடுகிறான். கண்ணீர் வந்தது, அம்மையாரே எழுதியதுபோல் இருக்கிறது என்று வாசகர்கள் உருகினார்கள். நான் புத்தகத்தை வாங்கிக் கடைசி அத்தியாயத்தைக் கடையில் வைத்தே சித்திக்குப் படித்துக் காட்டினேன். தோசையைத் திருப்பிப் போட்டபடி முழுவதையும் கேட்டாள்.

"அந்த ஆளு திரும்ப எப்ப கூட்டம் போடுவான்?"

அடுத்த மாதம், செங்கல்பட்டில் பாராட்டு விழா என்றேன்.

"ஒரு நாள் லீவு போடு, போவலாம். அன்னிக்கி கேக்கப் போனேன். இப்ப சொல்லணும்."

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.