மேல் டிவிஷன் அட்டைகள்

நான் ஓய்வு பெற்றபோது என் அறைக் கதவில் 'பேராசிரியர், தகவல் முறைமைகள்' என்று பலகை இருந்தது. எழுபதுகளில் அப்படியொரு பாடம் உண்டென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். முப்பத்து நான்கு வயது, மூக்கு நுனியில் கோபம், கைப்பையில் எப்போதும் சீவிய பென்சில்கள். ஒழுங்கில்லாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். போன வீட்டு அலமாரியையும் அடுக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதற்காகவே என்னை விருந்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரர்கள் உண்டு.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிர்வாகம் தன்னிடம் இருக்கும் பதிவுகளை வைத்து எப்படி முடிவெடுக்கிறது என்பது என் ஆய்வு. வழிகாட்டியான பேராசிரியர் கோயமுத்தூரில் இருந்தார். கம்ப்யூட்டரும் அங்கேதான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அட்டையில் துளைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அட்டைகள் வரிசை மாறினால் அன்றைய வேலை பாழ். அதனால் அட்டைக் கட்டை நேராகத் தட்டிவைத்து, அதன் மேல் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்வாகப் பென்சில் கோடு ஒன்று இழுத்துவிடுவோம். கட்டு சிதறினாலும், கோடு சேரும்படி அடுக்கினால் பழைய வரிசை திரும்பிவிடும்.

அந்தக் கட்டை அட்டைப்பெட்டியில் வைத்து, பொள்ளாச்சி பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போவேன்.

"ஏனுங்க டீச்சர், பெட்டிய மேல ஏத்தீரட்டுங்களா?" என்பார் கண்டக்டர்.

"வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும்."

"உள்ள என்னங்க, முட்டைங்களா?"

"முட்டையின்னா ஒடஞ்சா வேற வாங்கிக்கலாமுங்க."

வரிசையைக் காப்பதில் அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தவள்தான் நான். பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருவது இதனால்தான்.

ஆய்வுக்காக நான் தேர்ந்தெடுத்தது பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் இருந்த நோயாளி அட்டைகளை. எஸ்டேட்டில் இரண்டு டிஸ்பென்சரிகள் இருந்தன. ஒன்று கீழ் டிவிஷனில், பேக்டரிக்குப் பக்கத்தில். மற்றது மேல் டிவிஷனில். ஒரு அறை, பின்னால் ஒரு கட்டில், ஒரு கம்பவுண்டர், வாரம் ஒரு முறை வந்துபோகும் டாக்டர். மேலிருந்து கீழே வர ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம். நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதைத் தாண்ட முடியாத நாட்கள் உண்டு.

எஸ்டேட் மேனேஜர் திருச்சூர்ப் பக்கத்து மலையாளி. கறாரான மனிதர். அட்டைகளைப் பார்க்க அனுமதி கொடுத்தவர், பதிலுக்கு ஒன்று கேட்டார். ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் எத்தனை ஆட்கள் வருகிறார்கள் என்று நான் அவருக்கு ஓர் அட்டவணை தர வேண்டும். மேலே ஆள் குறைவென்றால் அதை மூடிவிட்டு ஒன்றையே நல்ல முறையில் நடத்தலாம் என்பது அவர் எண்ணம். பதிவிலிருந்து முடிவு பிறப்பதைக் கண்ணாலேயே பார்க்கப்போகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மே மாத விடுமுறையில் மேல் டிவிஷனுக்குப் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் என்னைவிட மூன்று வயது இளையவர், திருநெல்வேலிச் சீமையில் வேர் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று பத்து நாள் லீவில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் பாருங்க டீச்சர். எடுத்த எடத்துலயே வச்சிருங்க, அது போதும்."

இழுப்பறைகளைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அட்டைகள் பெயர் வரிசையிலும் இல்லை, வயது வரிசையிலும் இல்லை. அச்சடித்த அட்டையில் பெயர், வயது, நோய், மருந்து, அவ்வளவுதான் இடம். நடுநடுவே மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரித்த துண்டு அட்டைகள் வேறு, ஒரு எழுத்துக்கூட இல்லாமல் செருகிக் கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் அகர வரிசையில் அடுக்கினேன். துண்டு அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். எடுத்த இடத்தில் வைப்பதாவது, அதைவிட நல்ல இடத்தில் வைத்தேன். வந்து பார்த்தால் மனிதர் மகிழ்ந்துபோவார் என்று நம்பினேன்.

பிறகு எல்லாவற்றையும் தாளில் எழுதியெடுத்து, கோயமுத்தூரில் துளையட்டை போட்டேன். மேல் டிவிஷனில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அட்டை தொலைந்தால் தேடச் சோம்பல்பட்டு இன்னொன்று போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பெயரும் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று என்றால் அது ஒரே ஆள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். அது தள்ளியது. வெளியே வந்த அட்டவணையில் மேல் டிவிஷன் இளைத்துப்போய் நின்றது. அதை அப்படியே மடித்து மேனேஜருக்குத் தபாலில் அனுப்பினேன்.

ஆவணியில், ஒரே வாரத்தில் இரண்டு தபால் வந்தன. மேனேஜரின் கடிதம் நன்றி சொன்னது. என் அறிக்கையின்படி மேல் டிஸ்பென்சரியை அக்டோபர் கடைசியில் மூடப்போவதாகவும் சொன்னது. மற்றது கம்பவுண்டரின் போஸ்ட் கார்டு. 'அட்டைகள் பார்க்க மிக அழகாக உள்ளன. ஆனால் யார் யார் என்று தெரியவில்லை. வசதிப்பட்டால் ஒரு முறை வரவும்.'

எழுதப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு அகர வரிசை தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓணம் விடுமுறை தொடங்கியதும் உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ் பிடித்தேன். அவருக்கு அட்டை தேடக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது என் திட்டம்.

போய்ச் சேர்ந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் காய்ச்சலோடு நின்றாள். கம்பவுண்டர் இழுப்பறையிலிருந்து மூன்று அட்டைகளை உருவி மேசையில் வைத்தார். மூன்றிலும் அதே பெயர், முப்பதை ஒட்டிய வயது. ஒன்றில் 'பெனிசிலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"உனக்கு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுச்சா, தாயி?"

"எனக்கில்லண்ணே. அது நாலாம் வீட்டுக்காரி."

"நெசமாத்தானா?"

"என் ஒடம்பு எனக்குத் தெரியாதாண்ணே?"

அவர் அப்படியும் ஊசி போடவில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் துண்டு அட்டையெல்லாம் எங்க டீச்சர்?"

அடுப்பில் போட்டதைச் சொன்னேன். அவர் கைகழுவிவிட்டு வந்தார். பிறகு ஜன்னலைத் திறந்து காட்டினார். மலைச் சரிவில் வரிசையாக லயங்கள், ஒரே கூரையின் கீழ் ஆறு, எட்டு வீடுகள்.

"பாத மொத லயத்துல ஏறுதுலா? அட்டையும் அங்கன இருந்துதான் ஆரம்பிக்கும். வீட்டு வரிசையில, வீட்டுக்குள்ள மூத்தவுக மொதல்ல. லயம் முடிஞ்சா ஒரு துண்டு அட்ட. ஒருத்தி வந்து நின்னா எந்த வீடுன்னு எனக்குத் தெரியும், கை நேரா அங்க போயிரும். மேல் டிவிஷன்ல எல்லாரும் ஒரே ஊர்ல இருந்து வந்தவுக டீச்சர். வீட்டுக்கு ஒரு பொண்ணுக்கு ஊரு அம்மன் பேருதான் வைப்பாவ. பேர வச்சு இங்க யாரையும் பிடிக்க முடியாது."

எனக்குக் காதில் சூடு ஏறியது. வீட்டு எண் எழுத அட்டையில் இடமில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அட்டை இருந்த இடம்தான் வீட்டு எண். அதை நான் மூன்று நாள் பாடுபட்டு, ஒன்று விடாமல் அழித்திருக்கிறேன். பிறகு அதே கையோடு, சோம்பலில் போட்ட இரட்டை அட்டைகள் என்று உயிரோடிருக்கும் பெண்களைத் தள்ளியும் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றாமல், "போஸ்ட் கார்டில் இதை விளக்கமாக எழுதக் கூடாதா?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

"மூடப்போறதே நேத்துதான் எனக்குத் தெரியும்," என்றார் அவர். "கீழ எறக்கிவிட்டா நான் எறங்கிருவேன். பிள்ளத்தாச்சி எப்படி ஓடையத் தாண்டுவா?"

மறுநாளே மேனேஜரிடம் போய், அட்டவணை தப்பு, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என் தாளையும், ஜூனில் வந்த கம்ப்யூட்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டீச்சரே, இது மெஷின் எழுதியது. இது நீங்க எழுதியது. நான் எதை நம்பணும்?"

"மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சார்."

"அப்போ மெஷின்கிட்டேருந்தே திருத்தி வாங்கிட்டு வாங்க. அக்டோபர் கழிஞ்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

விடுமுறை முழுக்க மலையிலேயே இருந்தேன். வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்தில் நானும் கம்பவுண்டரும் லயம் லயமாக ஏறினோம். நான் அட்டையைப் படிப்பேன், அவர் ஆளைக் காட்டுவார், ஆள் தன் நோயைச் சொல்லி அட்டையைத் தன்னுடையதென்று உறுதி செய்வாள். செய்தி எனக்கு முன்னாலேயே ஊரெல்லாம் போயிருந்தது.

"டீச்சரு, மெசினு நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லிட்டாம்லா?" என்று ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "அப்ப நாளைக்கிக் கொழுந்தெடுக்க மெசினையே வரச் சொல்லுங்க!"

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனாலும் அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து உட்காரவைத்தார்கள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசி நாள் எல்லா அட்டைகளும் பாதையின் வரிசைக்குத் திரும்பின. புதிதாகத் துண்டு அட்டைகள் கத்தரித்து நானே செருகினேன். அப்புறம் ஒவ்வொரு இழுப்பறையிலும் அட்டைகளை நேராகத் தட்டி, மேல் விளிம்பில் சாய்வாகப் பென்சில் கோடு இழுத்தேன். இனி யார் கலைத்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம் என்று கம்பவுண்டருக்கு விளக்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல புது ஆளு வந்தா?"

"வந்தால் பார்த்துக்கொள்ளலாம்," என்றேன். தோற்றுப்போன ஆளுக்கு ஒரு கோடாவது மிஞ்ச வேண்டாமா?

கோயமுத்தூர்ப் பேராசிரியர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டு ஆய்வேட்டக் குடுத்துருங்கம்மா. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷந்தான்," என்றார். தப்பாகச் சொன்னவர் இல்லை; என் நன்மைக்குச் சொன்னவர். கல்லூரியில் பதவி உயர்வு அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தது. இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பொள்ளாச்சி வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். இடுப்பில் கைவைத்துக் கேட்ட அந்தப் பெண்ணை அடிக்குறிப்பில் நிறுத்தினால் அங்கிருந்தும் கத்துவாள். அந்த வருடம் போயிற்று. மேல் டிவிஷன் முழுவதற்கும், வீட்டு எண்ணையும் சேர்த்து, மறுபடி துளையட்டை போட்டேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை புதிய அட்டவணை வெளியே வந்தது. தபாலை நம்பாமல் நானே மலையேறினேன். மேனேஜர் நெடுநேரம் படித்தார்.

"நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்லுவீங்களா?"

"தப்பாக இருந்தால் சொல்லுவேன் சார்."

அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஜூனில் வந்த தாளை இரண்டாகக் கிழித்து, மேல் டிஸ்பென்சரி இருக்கட்டும் என்றார். அழுதுவிடுவேனோ என்று பயந்து வேகமாக வெளியே வந்தேன்.

மூன்று நாள் மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. ஓடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றி, ஆட்கள் கயிறு கட்டிக் கடந்துகொண்டிருந்தார்கள். என்னையும் கடத்திவிட்டார்கள். ஈரப் புடவையோடு டிஸ்பென்சரியில் போய் நின்று செய்தியைச் சொன்னேன். கம்பவுண்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். உடனே உதட்டில் விரலை வைத்துப் பின்பக்கம் காட்டினார். கட்டிலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றோடு ஒட்டி ஒரு துணிப் பொதி.

"முந்தாநாள் ராத்திரி ஓட பொங்கிட்டு. கீழ எறங்க வழியில்ல," என்றார் மெதுவாக. "இங்கனயே பெத்துட்டா. மூணாம் லயம், நாலாம் வீடு. பொம்பளப் பிள்ள. என்ன பேருன்னு மட்டும் கேக்காதிய."

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மேசைக்குப் போய் மூன்றாம் லயத்தின் இழுப்பறையை இழுத்தேன். என் கோடு சாய்வாக இறங்கி வந்து, ஓரிடத்தில் அறுந்து, மறுபடி தொடர்ந்தது. நடுவில் விளிம்பு வெள்ளையாக ஒரு புது அட்டை, அதன் வீட்டில், அதன் தாய்க்குப் பின்னால். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அப்புறம் அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, சத்தம் வராமல் இழுப்பறையை உள்ளே தள்ளினேன்.