ரோஸியக்கா சொன்ன சாட்சி

தாராவித் தமிழர் வீட்டில் கல்யாணம் என்றால் மண்டபம் பார்க்குமுன் ரோஸியக்காவைப் பார்த்துவிடுவார்கள். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இரும்பு ஏணி ஏறினால் அவளுடைய கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. ஒட்டியாணம், ஜிமிக்கி, மாங்காய் மாலை, எல்லாம் கவரிங், எல்லாம் வாடகைக்கு. புருஷன் போனபிறகு இந்தத் தொழிலை வைத்தே மகள் ஜாக்குலினை பி.காம். வரை படிக்கவைத்துவிட்டாள்.

அவள் ஞாயிறு தவறாமல் போகும் சபையிலோ நகை பெரும்பாவம். பாஸ்டர் ஞானசீலன் மைக்கைப் பிடித்தாரென்றால் கம்மல் போட்டவள் நரகத்து வாசலில் நிற்பாள், வளையல் போட்டவள் உள்ளே வெந்துகொண்டிருப்பாள். சகோதரிகள் வெறுங்காதோடு அல்லேலூயா போடுவார்கள். அடேயப்பா, என்ன பரிசுத்தம்! அதே சகோதரிகள் திங்கட்கிழமை மத்தியானம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோஸியின் ஏணியில் ஏறுவார்கள்.

"யக்கா, செம்பூர்ல நாத்தனார் மவ கல்யாணம். சபைக்காரங்க யாரும் வர மாட்டாவ. வெறுங்கழுத்தாப் போனா மானம் போயிரும்லா."

காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகிப் படுக்கிற புண்ணியவதிகள் இவர்கள். நகை வீட்டுக்குப் போவது பைபிள் உறையின் ஜிப்புக்குள். பாஸ்டரம்மாவும் வருவாள். இரண்டு வரிசை மாங்காய் மாலைக்குக் குறைந்து அவளுக்கு எதுவும் பிடிக்காது. ரோஸி யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜாக்குலினுக்கும் அதே சபைப் பையன் சுபினுக்கும் பேசி முடித்தார்கள். பாஸ்டர் சபையில் திருமண அறிவிப்பு வாசித்தால்தான் தேதி குறிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஞாயிறு போயிற்று, பாஸ்டர் வாசிக்கவில்லை. அப்புறம் ரோஸியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சகோதரி, சாத்தானோட கடைய வச்சிக்கிட்டு சபையில மகளுக்குக் கல்யாணம் கேக்கீங்க. மொதல்ல கடைய பந்த் பண்ணுங்க. பொறவு பாப்போம்."

பக்கத்தில் பாஸ்டரம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் மகள் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் ரோஸி எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பாஸ்டரய்யா எங்கண்ணத் தொறந்துட்டாவ. கடைய மூடுதேன். சரக்கையெல்லாம் மூட்டை கட்டணும். அதனால செட்டு எடுத்துட்டுப் போன சகோதரிமாரு இன்னைக்கே, இங்கேயே குடுத்துருங்க. மறந்திருந்தா நான் பேரச் சொல்லி ஞாபகப்படுத்துதேன். மொதல்ல, அந்த ரெண்டு வரிசை மாங்காய் மாலை..."

முன்வரிசையில் பாஸ்டரம்மா மேல் திடீரென்று ஆவி இறங்கிவிட்டது. "ஆமென்! ஆமென்!" என்று கத்தினாள். அவளைப் பார்த்து அத்தனை சகோதரிகளும் கூரை பறக்கக் கத்தினார்கள். பாஸ்டர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் முகமெல்லாம் வேர்வை. சுபின்-ஜாக்குலின் திருமண அறிவிப்பை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். கடையைப் பற்றி அதற்குமேல் பேச்சே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா வாசலில் ரோஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோஸிக்கா, கடைய நெசமாவே மூடிராதீங்க என்னா? அதுசரி, ஜாக்குலினுக்கு எந்த செட்டு போடுதீங்க?"

"அவ ஒண்ணும் போட மாட்டாளாம், பாஸ்டரம்மா. நகை பாவம்னு அய்யா சொன்னத இந்தச் சபையிலயே எம்மவ ஒருத்திதான் நம்பித் தொலைச்சிட்டா."