நோமுக்கு மேல்

எனக்குச் சிங்களமும் வரும், ஓரளவு இங்கிலீசும் வரும் என்று ஒரு திமிர் இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் அம்மாவின் முதுகுத்தண்டு நீர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிய அன்றைக்கு அது இறங்கிவிட்டது.

அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். இரண்டு வருசமாக அவருடைய வலது கை சொல்பேச்சுக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்கிற அளவைத் தோட்டத்தில் நோம் என்பார்கள். அதை எட்டாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் வேலைதான் பதிவாகும். நோமுக்கு மேல் பறித்துப் பழகிய அம்மா அரைப் பேரிலேயே நின்றார். பாசாங்கு என்றார் வேலை வாங்கும் கங்காணி. வீட்டில் கோப்பை நழுவி உடையும்போதெல்லாம் நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். கால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பயந்து கண்டிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே தசையில் ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். தாதி காட்டிய குழாயைப் பார்த்து, மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணி மாதிரி சுத்தமாகத்தானே இருக்கிறது, இதில் என்ன நோய் என்று கேட்டார் அம்மா. எனக்கும் அதே சந்தேகம்தான்.

முடிவு வந்த அன்று டாக்டர் சிங்களமும் இங்கிலீசும் கலந்து பேசினார். நரம்பு உடையும்போது அதிலுள்ள ஒரு புரதம் இந்த நீரில் கசியுமாம். அது அம்மாவுக்கு ரொம்பக் கூடவாம். வேறு நரம்பு நோய்களிலும் கூடலாமாம், அதனால் இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மோட்டார் நியூரோன் நோய்தானாம், குணப்படுத்த மருந்து இல்லையாம். சொல்ல முடியாது என்கிறாரா, சொல்லிவிட்டாரா? பலம் குறைந்துகொண்டே போகிற உடம்பில் எது எப்படிக் கூடும்?

அம்மாவுக்கு அதில் ஒரு வரிதான் பிடிபட்டது. “நோம் எக்கட்ட வடா வெடி” என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. நோமை விடக் கூட! வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகப்போகிறேன், கங்காணியிடம் நீயே சொல் என்றார். நான் அவரைப் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். எதைச் சொல்வது, எனக்கே பாதி புரியவில்லையே.

பஸ்ஸில் ஹட்டன் வரைக்கும் மலை ஏறிக் கொழுந்து எடுக்கும் திட்டம் போட்டுக்கொண்டே வந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் உட்கார வைத்து, இந்த நோம் வேறம்மா, அந்த முதுகு நீரில் இருக்க வேண்டிய அளவு, இதில் கூடினால் நல்லதில்லை, நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, இனி மலைக்குப் போக முடியாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கை கால் இன்னும் மோசமாகும் என்பதையும் மறைக்கவில்லை.

அழுவார் என்று நினைத்தேன். தன் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வருசமாவே இந்த நோயா?”

“அப்படித்தான் சொல்றாங்கம்மா.”

“அப்ப நான் வேணும்னு செய்யலன்னு இப்பவாவது நம்புறியா?”

கங்காணியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.