ஆறு நிமிடம் முந்தி வந்த மசூர்

சட்டத்தை ஊருக்கெல்லாம் படிப்பித்துவிட்டுத் தானே அதில் போய் மாட்டிக்கொள்ளும் மனிதனை என்னதான் செய்வது? கல்முனைக்குடியில் கடை வைத்துக் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற மசூரைத்தான் சொல்வது. அவர் மனைவி அஸ்னாவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்குக் கஞ்சிப் பானையையே போட்டு உடைத்திருப்பாள். ரமழானின் முதல் நாள், தலைநோன்பாச்சே என்று பொறுத்துக்கொண்டாள்.

மசூர் டுபாயில் ஒன்பது வருடம் ஒரு கிளைடர் கிளப்பில் வேலை பார்த்தவர். இஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற விமானம் அது. அதை இழுத்து மேலே ஏற்றுகிற கயிற்றை மாட்டுவது இவருடைய வேலை. இறங்கியதும் ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரவும் வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட உள்ளே ஏறி உட்கார்ந்ததில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் வாய் தேய்ந்தா போகும் என்று அஸ்னா எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள்.

அவர் ஊருக்கு வந்த பிறகு அந்தக் கிளப் கணினியில் கிளைடர் போட்டி நடத்தியது. பழைய ஆட்களும் சேரலாம். முதலாவதாக வருகிறவருக்கு டிக்கெட் அனுப்பி, உண்மையான கிளைடரிலேயே ஏற்றிப் பறக்க வைப்பார்களாம். மசூர் ஞாயிறு தோறும் பின்னேரம் கடையைச் சாத்திவிட்டுக் கணினியில் பறந்தார். ஆறு போட்டி முடிய அவரும் ஒரு ஜெர்மன்காரனும் சமம். ஏழாவதுதான் கடைசி.

அந்தப் போட்டியின் நேரச் சட்டம் அஸ்னாவுக்கும் மனப்பாடம். சோறு போடும்போதெல்லாம் அதே கதைதானே. எப்போது புறப்படுவது என்பது அவரவர் விருப்பம். கோட்டைத் தாண்டியதிலிருந்து நேரம் ஓடும். பறந்த தூரத்தை எடுத்த நேரத்தால் பிரித்து வேகம் பார்ப்பார்கள். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் வந்துவிட்டாலும் இரண்டால்தான் பிரிப்பார்கள். முந்தி வருகிறவன் மடையன், மிச்ச நேரத்துக்கும் தூரம் சேர்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பக்கத்துக் கடை ஷரிபுதீனுக்குப் படம் வரைந்து காட்டியவரே இவர்தான்.

கடைசிப் போட்டி தலைநோன்பு அன்று வந்தது. சுவரில் கொழும்பு மச்சான் அனுப்பிய கலண்டர். நோன்பு திறக்கும் நேரம் 6.26 என்று அதில் இருந்தது. மசூர் சரியாக 4.26க்குக் கோட்டைத் தாண்டினார். நோன்பு திறக்கிற நேரத்துத் தொழுகை அழைப்பான வாங்கும் போட்டியின் முடிவும் ஒன்றாக வரும் என்று பெருமை வேறு. கொழும்பைவிட நம்முடைய கிழக்குக் கரையில் பொழுது எட்டு நிமிடம் முந்திப் படும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதைக் கழிக்கச் சொல்லிக் கலண்டரின் அடியிலேயே அச்சடித்தும் இருந்தது. யார் பார்த்தது?

6.18க்குப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். மசூர் பதறிப்போனார். நோன்பு திறக்கப் பிந்தக் கூடாது என்ற ஒரே நினைப்பில், இன்னும் போக வேண்டிய தூரத்தை விட்டுவிட்டு விமானத்தைத் திருப்பி, 6.20க்குப் பக்கத்திலேயே இருந்த முடிவுக் கோட்டைத் தாண்டினார். பறந்தது நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். எடுத்த நேரத்துக்குப் பார்த்தால் வேகம் நூறு, மற்ற எல்லோரையும்விடக் கூட. ஆனால் இரண்டால் பிரித்தார்கள், தொண்ணூற்றைந்துதான் வந்தது. இரண்டு மணித்தியாலமும் பறந்து முடித்த ஜெர்மன்காரனுக்குத் தொண்ணூற்றெட்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மசூர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கு சொன்ன பொறகு நான் என்ன புள்ள செய்ற?” என்றார்.

அஸ்னாவின் ஒரு கையில் பேரீச்சம்பழம், மறு கையில் தண்ணீர்க் கிளாஸ். வாங்கு சொன்னதிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே வாயில ஊட்டி உட்டிருப்பேனே. நீங்க பறந்துக்கிட்டே இருந்திருக்கலாம். டுபாயிலயும் நீங்க கேக்கல்ல, இஞ்சயும் கேக்கல்ல.”

மசூர் திரும்பி அந்தப் பழத்தைப் பார்த்தார். தான் இன்னும் நோன்பு திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.